கெமிக்கல் பீல் உங்கள் முகத்துக்கு ஒத்துவருமா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை பக்கம் கெமிக்கல் பீல் பற்றி விசாரிப்பவர்கள் பொதுவாக மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஆசிட் நல்லது? எத்தனை சிட்டிங்? எவ்வளவு ஆகும்? இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடுத்த மூன்று மாதம் உங்கள் முகத்தில் எவ்வளவு வெயில் விழப்போகிறது? அதற்குப் பதில் தெரியாமல் செய்துகொண்ட பீல், இருந்த கறுப்பைப் போக்குவதற்குப் பதில் புதுக் கறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

பீல் என்பது அளவு பார்த்துப் போடும் ரசாயனப் புண். மேல்தோலின் செத்த அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை ஆசிட் தளர்த்துகிறது. வலு கூடினால் தோலின் புரதத்தையே உறையவைக்கிறது. சில நாளில் அந்த அடுக்கு உரிந்து கீழிருந்து புதுத்தோல் வருகிறது. ஆழத்தை வைத்து மூன்று வகை சொல்வார்கள். மேலோட்டமான பீல் மேல்தோலோடு நின்றுவிடும். நடுத்தர பீல் உள்தோலின் மேற்பகுதியைத் தொடும். ஆழமான பீல் அதற்கும் கீழே இறங்கும். ஆழமானதற்குப் பெரும்பாலும் ஃபீனால் பயன்படுகிறது. அது ரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் இ.சி.ஜி. கண்காணிப்போடு செய்ய வேண்டியது.

நம் ஊர்த் தோலுக்கு ஆழமான பீல் வேண்டாம். இதில் பேரம் இல்லை. 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிவைத்த தோல் வகைப்பாட்டில் இன்று ஆறு வகை உண்டு. வெயிலில் சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதுதான் அதன் அடிப்படை. இங்கே பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகை. இந்தத் தோல் சுலபத்தில் வெந்துபோகாது, ஆனால் எந்தப் புண்ணுக்கும் நிறமியைக் கொட்டிப் பதில் சொல்லும். உங்களுக்கு அந்தக் குணம் எவ்வளவு என்று தெரிய ஆய்வகம் தேவையில்லை. கொசு கடித்துச் சொறிந்த இடத்தைப் பாருங்கள். பத்து நாளில் தடம் தெரியாமல் போனால் நல்லது. கறுப்பு வட்டமாக இரண்டு மூன்று மாதம் நின்றால், பீலும் அதே வேலையைத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு, மிக மெல்லிய பீலிலிருந்து தொடங்க வேண்டும்.

முகத்தில் இருப்பது என்ன?

'முகம் கறுத்துப்போச்சு' என்ற ஒரே வார்த்தைக்குள் ஏழெட்டு வியாதி ஒளிந்திருக்கிறது. பீல் கேட்கும் வியாதியும் உண்டு, பீல் போட்டால் கெட்டுப்போகும் வியாதியும் உண்டு.

பரு, மூக்கோரக் கரும்புள்ளி, எண்ணெய் வழியும் முகம், பரு ஆறியபின் நிற்கும் கறை: இவற்றுக்குத்தான் மேலோட்டமான பீல் நன்றாக வேலை செய்கிறது. பரு விட்டுப்போன பள்ளம் வேறு கணக்கு. ஊசியால் குத்தியது போன்ற குறுகிய ஆழமான குழி, முகம் முழுக்கப் போடும் பீலுக்கு அசையாது. அந்தக் குழிக்குள் மட்டும் குச்சி நுனியால் வலுவான டி.சி.ஏ. (ட்ரைகுளோரோஅசெட்டிக் ஆசிட்) தொட்டுவைக்கும் முறை தனி. அது கைதேர்ந்த தோல் மருத்துவர் வேலை. பள்ளத்தை நிரப்புவதாகச் சொல்லி ஆறு கிளைகாலிக் ஆசிட் பீல் சிட்டிங் விற்பவரிடம் பணத்தை இழக்காதீர்கள்.

மங்கு, அதாவது இரு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வண்ணத்துப்பூச்சி போலப் படரும் பழுப்பு, பீல் கேட்டு வருபவர்களில் அதிகம் ஏமாறுவது இதில்தான். மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீனும் மருத்துவர் எழுதித்தரும் கிரீமும். பீல் அதற்குப் பின்னால் வரும் துணை. நிறமி மேல்தோலில் இருந்தால் ஓரளவு குறையும். உள்தோலில் சாம்பல் கலந்த நிறமாக இருந்தால் பீல் எட்டாது. எப்படிப் பார்த்தாலும் மங்கு திரும்பிவரும் சுபாவம் கொண்டது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பத்தில் மங்கு வந்தவர் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

தேமல் கறுப்பாகவும் வரும், வெளுப்பாகவும் வரும். வியர்வை நிற்கும் கடற்கரை ஊர்களில் சாதாரணம். அது பூஞ்சை; பூஞ்சை மருந்து போதும். கழுத்தின் பின்புறம், அக்குள் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையும் உடல் எடையும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்கள் அதற்கான சோதனையும். அங்கே பீல் போட்டால் சில நாள் வெளுத்து மறுபடி கறுக்கும், ஏனென்றால் காரணம் தோலில் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், கழுத்துப் பக்கம் சாம்பல் கறுப்பாகப் படர்ந்தால் தலைச்சாயத்தைச் சந்தேகப்படுங்கள். கறுப்பு மருதாணிப் பொடி என்று விற்கும் பலவற்றிலும் சாய ரசாயனம்தான் வேலை செய்கிறது. அத்தர், சென்ட் தொடர்ந்து படும் கழுத்து இடமும் வெயில் பட்டுக் கறுக்கும். ஸ்டிக்கர் பொட்டு, குங்குமம் படும் நடுநெற்றியும் அப்படியே. காரணப் பொருளை நிறுத்தாமல் இந்தக் கறுப்பைப் பீலால் உரிப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

மச்சம் நிறம் மாறினாலோ, வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பீல் பேச்சே கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டும். பிறவி நிறத்தை வெளுப்பாக்கப் பீல் கேட்டால், அது நடக்காது. உள்கை, அதாவது வெயில் படாத மேற்கையின் உட்புறம், உங்கள் முகம் எட்டக்கூடிய அதிகபட்ச நிறம். அதற்கு மேல் தருவதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

ஸ்டீராய்டு கிரீம் போட்ட முகம்

பீல் கேட்டு வரும் முகம் பல நேரம் ஏற்கெனவே புண்பட்ட முகம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய 'வெள்ளையாக்கும்' டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவப்புத் தெரிந்து, பருவும் பூனைமுடியும் வளரும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் எரிந்து சிவக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பலர் வருடக்கணக்கில் விடாமல் போடுகிறார்கள்.

இந்த முகத்தில் பீல் போட்டால் மெல்லிய தோலுக்குள் ஆசிட் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும். கிரீமை மருத்துவர் மேற்பார்வையில் விட்டு, சிவப்பும் எரிச்சலும் அடங்கி, சில மாதம் கழிந்தபின்தான் பீலைப் பற்றி யோசிக்கலாம். கிரீம் போட்டதை மறைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் டியூப்பையே கையோடு கொண்டுபோங்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் வரும் கிரீம் டப்பாக்களும் இந்தக் கணக்கில் சேரும். சேர்மானப் பட்டியலே இல்லாதது, தயாரிப்பாளர் முகவரி இல்லாதது, ஒரே வாரத்தில் வெளுக்கவைப்பது என்றால் பாதரசம் இருக்கலாம். மலப்புரத்தில் சிவப்பழகு கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023இல் கேரள மருத்துவர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அப்படி ஒரு டப்பா வீட்டில் இருந்தால், பீலுக்கு முன்னால் சிறுநீர்ச் சோதனை.

வெயில் கணக்கு

ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 9 பாகையில் இருக்கிறது. மார்கழி மதியத்திலும் இங்கே புறஊதாக் கதிர் கடுமைதான். குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் குறைவு என்று உடம்பு ஏமாறும். மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும், கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம் புறஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கிறது, கடல் நுரை சுமார் 25 சதவீதம். அதனால் தொப்பியும் தார்ப்பாய் நிழலும் பாதிக் காவல்தான். கீழிருந்து வரும் கதிர் தாடையையும் மேலுதட்டையும் பிடிக்கும்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். காலை 10 மணியிலிருந்து 4 மணிக்குள் எத்தனை நிமிடம் திறந்த வெளியில் இருந்தீர்கள்? கடிகாரம் பார்க்க முடியாவிட்டால் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும். பஸ் நிறுத்தத்தில் நின்றது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவந்தது, மாடியில் மிளகாய் காயப்போட்டது எல்லாம் எழுதுங்கள்.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு அரைமணிக்குள் வருபவர்கள், அதாவது கடை, அலுவலகம், வீட்டு வேலைக்காரர்கள், மேலோட்டமான பீலுக்குத் தகுதியானவர்கள். ஒரு மணி வரை வந்தால், பீலுக்குப் பிந்தைய இரண்டு வாரம் அதைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம். இரண்டு மணிக்கு மேல் என்றால் பீல் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. கடலுக்குப் போகிறவர், பாசி எடுக்கப் போகும் பெண்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர், கருவாடு காயப்போடுபவர், பனையேறுபவர் எல்லாரும் இதில் வருவார்கள். சன்ஸ்கிரீன் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் அது நிற்பது 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' வகையிலேயே 40 அல்லது 80 நிமிடம். வலையில் கை இருக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் முகம் துடைத்து மறுபடி யார் பூசுவது? அவர்களுக்கு முகத்தை மூடும் பருத்தித் துணியும் அகல விளிம்புத் தொப்பியும் இரவில் ஒரு கிரீமும் தரும் பலன், பீலில் கிடைக்கும் பலனைவிடக் கூடுதல், ஆபத்தும் இல்லை.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேலை இல்லாத மாதம், இப்போது பீல் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆண்டிலேயே மோசமான நேரம் அதுதான். மே மாதம் கத்திரி. படகு கரையேற்றிப் பெயின்ட் அடிப்பதும் வலை பொத்துவதும் அந்த வெயிலில்தான் நடக்கும்.

நம் கடற்கரைக்குப் பொருந்தும் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். புரட்டாசி முதல் வாரத்தில் தயாரிப்பைத் தொடங்கினால் ஐப்பசி நடுவில் முதல் பீல். மூன்று வாரத்துக்கு ஒன்றாகப் போனால் மார்கழி முடிவதற்குள் நான்கு முடிந்துவிடும். கல்யாணத்துக்காகச் செய்பவர்கள் கடைசிச் சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே நான்கு வாரமாவது விட வேண்டும். கறுப்பு திரும்புவதாக இருந்தால் அது தெரிவதே இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் முதல் பீல் என்பது சூதாட்டம்.

இவை இருந்தால் இப்போது வேண்டாம்

கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம். முகத்தில் ஆறாத புண், பழுத்த கட்டி, படர்தாமரை, கரப்பான். உதட்டு அக்கி அடிக்கடி வருபவர் என்றால் சொல்லுங்கள். முன்கூட்டியே வைரஸ் மாத்திரை தருவார்கள், இல்லையேல் பீல் போட்ட இடமெல்லாம் அக்கி பரவும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ தோல் புடைத்து வளர்ந்திருந்தால் நடுத்தர பீல் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கு சாலிசிலிக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் அதைச் சரிசெய்துவிட்டு வரலாம்.

பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுபவருக்கு வெயில் சீக்கிரம் சுடும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் பீல் என்பது பழைய விதி. மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது பல தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நடுத்தர, ஆழமான பீலுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். முடிவு அவர்களுடையது, மாத்திரையைச் சொல்வது உங்களுடையது.

ஆறு வாரத் தேர்வு

பீலுக்கு முன்னால் தோலைப் பழக்குவது வழக்கம். மருத்துவர்கள் இரண்டு முதல் நான்கு வாரம் சொல்வார்கள். இந்தக் கடற்கரை வெயிலுக்கு ஆறு வாரம் எடுத்துக்கொள்ளச் சொல்வோம், ஏனென்றால் இதைத் தோலுக்கு மட்டும் இல்லாமல் உங்களுக்கும் வைக்கும் தேர்வாக எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சரால் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 சன்ஸ்கிரீன். அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிழிந்தது முகத்துக்கும் கழுத்துக்கும். ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். தினம் இரண்டு தடவை பூசினால் 50 கிராம் டியூப் மூன்று வாரத்தில் தீர வேண்டும். மூன்று மாதம் வந்தது என்றால் நீங்கள் பூசியது சன்ஸ்கிரீன் இல்லை, மனநிம்மதி. மங்கு உள்ளவர் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகையைக் கேளுங்கள். புறஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்கவைக்கும்.

இரவில் மருத்துவர் எழுதும் கிரீம்: ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், அல்லது அசெலாயிக் ஆசிட், கறை அதிகம் என்றால் ஹைட்ரோகுவினோன். பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். லேசாக உரிவது இயல்பு. எரிந்து சிவந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். ஹைட்ரோகுவினோனைச் சொந்தமாக வருடக்கணக்கில் போட்டால் நீலக் கறுப்பாக ஒரு நிறம் ஏறும். அதற்கு மருந்து மிகக் கடினம். ட்ரெட்டினாயினைப் பீலுக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாமல் மூன்று படம்: நேர்முகம், இடது, வலது. ஆறாவது வாரம் அதே இடத்தில் மறுபடி.

இப்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கும். கறை பாதிக்கு மேல் குறைந்திருந்தால் பீல் தேவையில்லை, இதையே தொடருங்கள். பலருக்கு இதுதான் நடக்கிறது, இதைச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் இதில் சிட்டிங் காசு இல்லை. இரண்டாவது, ஒழுங்காகப் பூசியும் கொஞ்சம்தான் குறைந்தது என்றால் பீலுக்கு நீங்கள் தயார். மூன்றாவது, வாரத்தில் மூன்று நாள்தான் பூச முடிந்தது, மதியம் இரண்டாம் தடவை ஒருநாளும் பூசவில்லை என்றால் பீல் வேண்டாம். பீலுக்குப் பிறகு கேட்கப்போகும் ஒழுங்கு இதைவிடக் கடினம்.

எந்த ஆசிட்

பரு, எண்ணெய் முகம்: சாலிசிலிக் 20 அல்லது 30 சதவீதம். எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் இறங்கும். பூசிய சில நிமிடத்தில் முகத்தில் வெள்ளை உப்புப் பூத்தது போலத் தெரியும். அது காய்ந்த ஆசிட் படிகம், தோல் வெந்தது இல்லை. தானாக அடங்கிவிடும், முறிக்கத் தேவையில்லை. முகத்தோடு முதுகு, மார்பும் சேர்த்து ஒரே நாளில் போட்டால் ரத்தத்தில் ஏறிக் காதில் இரைச்சல் வரலாம்.

கறையும் மங்கும்: கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக். கிளைகாலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது, வேகமாக இறங்கும், ஓரிடத்தில் அதிகமாகவும் இறங்கிவிடும். மாண்டலிக் அதைப்போல இரண்டு மடங்கு பெரியது, மெதுவாகப் போகும். கொசுக்கடிச் சோதனையில் தோற்றவர்கள் மாண்டலிக்கில் தொடங்குவது புத்திசாலித்தனம். கிளைகாலிக்கில் நேரம்தான் எல்லாம்: முதல் தடவை ஒன்றிலிருந்து மூன்று நிமிடம், பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசலால் முறிக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் கிளைகாலிக் போடுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சதவீதம் மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. கிளைகாலிக்கின் பி.எச். 3.8 வாக்கில் இருந்தால் அதில் பாதி ஆசிட்தான் விடுபட்டு வேலை செய்யும், பி.எச். 1 என்றால் ஏறக்குறைய முழுவதும். ஒரே 30 சதவீதம் என்று எழுதிய இரண்டு பாட்டிலில் ஒன்று கூச்சத்தோடு போகும், மற்றொன்று கொப்புளம் போடும். ஆன்லைனில் வாங்கி வீட்டில் போடுவது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். டி.சி.ஏ. பாட்டிலை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதை எதனாலும் முறிக்க முடியாது, பூசிய அடுக்கின் எண்ணிக்கைதான் ஆழம். மருத்துவர் கையிலும் நம் தோலுக்கு முகம் முழுக்க 10 முதல் 20 சதவீதம் வரை என்பது பாதுகாப்பான எல்லை. வீட்டில் ஏதாவது வேண்டும் என்றால் 2 சதவீத சாலிசிலிக், அல்லது 5 முதல் 10 சதவீத மாண்டலிக் சீரம், வாரம் இரண்டு இரவு. அதோடு நிறுத்துங்கள்.

யாரிடம், எப்படி

எம்.டி. அல்லது டிப்ளமோ படித்த தோல் மருத்துவர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணோடு. சில வார அழகுக்கலைச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டதால், முகத்தில் இருப்பது என்ன வியாதி என்று கண்டறிவதற்காவது மதுரைவரை அலைய வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை: என்ன ஆசிட், எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம், காதுக்குப் பின்னால் சிறு இடத்தில் போட்டுப் பார்ப்பீர்களா, கறுத்தால் யாரைக் கூப்பிடுவது, ஒரு சிட்டிங்குக்கும் அதற்குரிய கிரீமுக்கும் சேர்த்து எவ்வளவு. எட்டு சிட்டிங் பேக்கேஜை முன்பணமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். முதல் பீலுக்கு உங்கள் தோல் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் எட்டாவதை யாரும் முடிவு செய்ய முடியாது.

பீலுக்கு முந்தைய ஒரு வாரம் திரெடிங், வாக்ஸ், பிளீச், ஸ்கிரப் எதுவும் இல்லை. ஆண்கள் முந்தைய நாளே ஷேவ் செய்ததோடு சரி. அன்றைக்குக் கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரத்தில் வாஸ்லின் தடவி, எண்ணெய் துடைத்து, நெற்றியிலிருந்து தொடங்குவார்கள். சுருக்கென்று எரியும், மின்விசிறிக் காற்றில் தாங்கலாம். எரிச்சல் ஓரிடத்தில் மட்டும் கூடினால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். அங்கேதான் ஆசிட் ஆழம் போகிறது.

சந்திப்பை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் திரும்புபவர் மதியப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாம்பன் பாலத்தின் உப்புக்காற்றையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு போனால், முதல் நாளே வேலை கெட்டது.

அடுத்த ஏழு நாள்

முதல் இரண்டு நாள் தோல் இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் கறுத்தும் தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் வாயைச் சுற்றி உரியத் தொடங்கி ஏழாம் நாளுக்குள் முடியும். சாலிசிலிக்கிலும் மாண்டலிக்கிலும் கண்ணுக்குத் தெரியாமலே உரிவதும் உண்டு. உரியாதது தோல்வி இல்லை. தொங்கும் தோலைக் கையால் பிய்க்காதீர்கள். பிய்த்த இடம்தான் ஒரு மாதம் கழித்துக் கறுப்புத் தீவாக நிற்கும்.

முகம் கழுவ நல்ல தண்ணீர். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. புதுத்தோலில் எரியும், சோப்பும் கழுவிப் போகாது. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு தனியாக எடுத்துவையுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை மாய்ஸ்சரைசர், விரிசல் விட்ட இடத்தில் வாஸ்லின். மஞ்சள், எலுமிச்சை, சந்தனம், கற்றாழை எதுவும் வேண்டாம். உரிந்த தோலில் எதுவும் இயற்கை இல்லை. விபூதி, குங்குமமும் ஒரு வாரம் நெற்றிக்கு வேண்டாம். அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், தேவிபட்டினம் நவபாஷாணம் என்று நீராடும் எண்ணம் இருந்தால் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். அமாவாசைக்கு விரதமும் தர்ப்பணமும் நடக்கும் வீடு என்றால் தேதியைப் பார்த்தே சிட்டிங்கைக் குறியுங்கள். விறகடுப்பு, கருவாட்டு அவியல் அனலிலிருந்தும் தள்ளி இருங்கள். இரவுக் கிரீமை உரிந்து முடிந்தபின் தொடங்கலாம்.

கொப்புளம், சீழ், தேன்நிறப் பொருக்கு, நாளுக்கு நாள் கூடும் வலி, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம்: அன்றைக்கே மருத்துவர். இரண்டு வாரம் தாண்டியும் ஓரிடம் சிவந்தே நின்றால், அது கறுப்பாகவோ தழும்பாகவோ மாறக்கூடும், காத்திருக்காமல் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கறுப்பு தெரிந்தால் அடுத்த பீலை நிறுத்திவிட்டுச் சன்ஸ்கிரீனுக்கும் இரவுக் கிரீமுக்கும் திரும்புங்கள். பெரும்பாலும் சில மாதத்தில் மங்கும். கறுத்ததை உரிக்க அதைவிட வலுவான பீல் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது சிட்டிங்குக்கு முன்னால் அதே ஜன்னல் பக்கம் நின்று மறுபடி படம் எடுங்கள். முதல் படத்தோடு பக்கத்தில் வைத்து, உங்களுக்கு வேண்டியவர் ஒருவரிடம் எது முந்தையது என்று சொல்லாமல் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான்காவதற்குப் பணம் கட்டாமல், வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்தோமா என்று மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள்.